காரீயம் குடித்த வேர்

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணிமணிகளுக்கு மேலே மண் தோண்டும் கரண்டி மூன்று, ரப்பர் கையுறை ஒரு கட்டு, காலி பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "தோட்ட வேலைக்கா மேடம் வந்திருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூடிவிட்டார். மலேசியாவிலிருந்து வருகிற தமிழர்கள் பட்டு எடுப்பார்கள், கோயில் குளம் சுற்றுவார்கள், தாத்தா பிறந்த ஊரைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பார்கள். அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கத்து மண்ணைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள் அந்த விமானத்தில் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன்.

நான் ஈப்போக்காரி. எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ஈயலம்பங்கள், அதாவது வெள்ளீயம் தோண்டிய சுரங்கக் குழிகள். தோண்டி முடித்த நிலத்தில் எதுவும் லேசில் முளைக்காது. அப்படிப்பட்ட மண்ணைத் தேற்றுவதற்குச் செடி வளர்த்துக் கொடுப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் தொழில். அதிகம் போவது வெட்டிவேர்ப் புல். ஆழமாக வேர்விடும், மண்ணைப் பிடித்து நிறுத்தும், மண்ணில் இருக்கிற நச்சு உலோகத்தை வேருக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே இலைக்கு அதிகம் விடாது. யாரிடம் சொன்னாலும் "அட, புல்லா?" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் சித்தி மகனின் பையன் பிரபாகர் திருச்சியில் படித்து, கணினி வேலைக்குச் சென்னை வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் பாடிப் பக்கமாக வீடு வாங்கியவன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். நாலு வருடத்துக்கு முன் கட்டடத்தின் பின்னால் குழந்தைகள் விளையாட இடம் செய்யலாம் என்று தோண்டியிருக்கிறார்கள். கறுப்புக் கறுப்பாகப் பிளாஸ்டிக் துண்டுகள் வந்தன. விசாரித்தால், கட்டடம் வருவதற்கு முன்பு பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கிய பட்டறை அங்கே இருந்ததாம். மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். குழந்தைகளை விடக்கூடாத அளவுக்குக் காரீயம் இருந்தது.

பிரபாகர் எனக்குப் போன் செய்தான். நான் உட்கார்ந்து ஒன்பது பக்கம் குறிப்பு எழுதி அனுப்பினேன். எலும்புத் தூளும் மக்கிய எருவும் எவ்வளவு கலக்க வேண்டும், புல்லை எத்தனை அடி விட்டு நட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று எல்லாம். எலும்புத் தூள் மண்ணில் இருக்கும் காரீயத்தைப் பிடித்து லேசில் கரையாதபடி கட்டிப்போடும். மிச்சத்தைப் புல் பார்த்துக்கொள்ளும். அதுதான் திட்டம்.

நாலு வருடத்தில் சங்கத்துக்காரர்களின் பொறுமை தீர்ந்துவிட்டது. மாசி மாதம் பாதிப் புல்லைப் பிடுங்கிவிட்டு மண்ணை மறுபடி சோதித்திருக்கிறார்கள். வந்த தாள் யாருக்கும் விளங்கவில்லை. "அத்தை, நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஊஞ்சல் போட்டுடலாம்" என்றான் பிரபாகர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சித்திரை வெயிலில் வந்து இறங்கினேன்.

முதல் நாள் முழுக்கச் சாலையும் சாப்பாடும்தான். பாடி மேம்பாலத்தின் அடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்து லாரியின் மேல் இரும்புச் சுருள்கள், அதன்மேல் ஒருவர் துண்டைத் தலைக்கு வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே ஹாரன் என்பது மூச்சு விடுவது மாதிரி, அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாடகைக் காரின் ஓட்டுநர் ஒரு கையால் அதை அடித்துக்கொண்டே மறு கையால் கடலை தின்றார்.

கொரட்டூர் ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். அங்கே இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, வடகறி அதைவிட அருமை. ஈப்போவில் நான் சாப்பிடும் இட்லியைப் பற்றி இனி வாய் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் வழக்கத்தில் கல்லாவில் இருந்தவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாப்ட வந்தவங்க நீங்க, என்ன ஏன் கேக்குறீங்க" என்றார். பிரபாகர் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டாம் நாள் காலை பின்பக்கத்துக்குப் போனேன். நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். ஒரு பாதியில் வெட்டிவேர் என் இடுப்புக்கு மேல் நின்றது. மறு பாதி மொட்டையாக, காற்றடித்தால் புழுதி கிளம்புகிற மாதிரி கிடந்தது. ஓரமாக ஒரு பெண் குந்தி உட்கார்ந்து வெறும் கையால் சருகு அள்ளிக்கொண்டிருந்தார். கஸ்தூரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டடத்தைப் பெருக்குவது, செடிகளைப் பார்ப்பது இரண்டும் அவர் வேலை. திருமுல்லைவாயலிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறார். இந்தப் புல்லை நட்டவர் அவர்தான், நாலு வருடம் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான், மாசியில் பிடுங்கியவரும் அவர்தான்.

"மலேசியாலருந்து மண்ண பாக்க வந்துகீறீங்களாமே" என்றார். "எங்க ஊட்டாண்ட வந்து பாருங்க, மண்ணே கெடியாது. அல்லாம் சிமிட்டி."

நான் கையுறை மாட்டிக்கொண்டு பத்து இடத்தில் தோண்டி மண் எடுத்தேன். பிரபாகரும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு பைகளில் எண் எழுதினான். கஸ்தூரி இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார். எலும்புத் தூள் பேச்சு வந்தபோது பிரபாகர் குரலைத் தாழ்த்தி, "அத்தை, இங்க சைவக் குடும்பங்க நிறைய. முன்னாடி பிள்ளையார் வேற இருக்காரு. அதனால வாட்ஸப்புல பாஸ்பேட் உரம்னு மட்டும் போட்டேன். எலும்புன்னு யாருக்கும் தெரியாது" என்றான்.

"நாயிங்களுக்கு தெரிஞ்சிச்சே" என்றார் கஸ்தூரி. "அத்த கொட்ன அன்னிக்கி தெருநாய் அல்லாம் கேட்டாண்ட வந்து வரிசையா குந்திகினு கீது. நாந்தான் தொரத்திகினே இருந்தேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரபாகருக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

சோதனைத் தாளைப் படித்தேன். மண்ணில் இருக்கும் மொத்தக் காரீயம் பெரிதாகக் குறையவில்லை. தண்ணீரில் கரையக்கூடிய பங்கு மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது. எலும்புத் தூள் தன் வேலையைச் செய்திருக்கிறது, புல் புழுதியைக் கட்டி வைத்திருக்கிறது. சுத்தமான மண் என்று இதைச் சொல்ல முடியாது. புல்லைப் பிடுங்கியதே தப்பு, மொட்டைப் பாதியில் உடனே எலும்புத் தூள் போட்டு மறுபடி நட வேண்டும், ஊஞ்சலை மறந்துவிடு என்றேன். பிரபாகரின் முகம் விழுந்துவிட்டது. பிடுங்கிய வேரெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் மூட்டை கட்டிப் போடச் சொல்லிட்டேன் அத்தை. உங்க நோட்ஸ்ல ஏழாவது பக்கம்."

அந்தக் காரியத்திலாவது ஒழுங்காக இருந்தானே என்று திருப்தியாக இருந்தது.

எலும்புத் தூள் பூந்தமல்லியில் கிடைக்கும் என்றார் கஸ்தூரி. அவருடைய மகளை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது, கடை அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் இருவரும் கிளம்பினோம். ஆவடி போய் அங்கிருந்து பேருந்து. நடத்துநர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள், பருத்திப்பட்டு தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், பயணிகளில் நாலு பேர் இறங்கிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "அல்லாரும் எறங்கி பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கோங்க" என்றார் நடத்துநர். பின்னால் வந்த வண்டியில் ஏற்கெனவே படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊராக இருந்தால் புகார்க் கடிதம் எழுதியிருப்பார்கள். இங்கே ஒரு பெரியவர் எனக்குக் கம்பியில் பிடிக்க இடம்விட்டு, "பையை இப்டி குடுங்க" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களின் நிழலிலேயே நடந்தோம். எல்லாத் தூணுக்குக் கீழேயும் ஏதாவது ஒரு கடை. கம்பங்கூழ் விற்றவரிடம் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தோம், மோர்மிளகாய் கடித்துக்கொண்டு. கஸ்தூரி மகளைப் பற்றிப் பேசினார். பெயர் ரேவதி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பங்குனியில் அழைத்து வந்தாராம், இப்போது எட்டு. கல்யாணமாகி ஆறு வருடம், நடுவில் இரண்டு தடவை தங்கவில்லை. "இது தங்கிகிச்சி மா" என்று சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எலும்புத் தூள் இரண்டு மூட்டையோடு பேருந்தில் ஏற்றமாட்டேன் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். சித்திரை வெயிலுக்கு மூட்டை மணக்க ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாமா மூட்டில?" என்றார் ஓட்டுநர்.

"எருவு" என்றார் கஸ்தூரி.

"எருவு மாரி இல்லியே, எவனையோ போட்டு கட்டிகினு வந்த மாரி கீதே."

"நீ வண்டிய பாத்து ஓட்டு நைனா, இல்லாங்காட்டி உன்னியும் கட்டிடுவேன்."

ஆட்டோவே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சராம். நடுச்சாலையில் மூட்டைகளோடு அரை மணி நேரம் நின்று, வேறு ஆட்டோ பிடித்து, ஆவடி வரும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "இப்டியே பிரபா சாரு ஊட்டுக்கு போனா நீங்க உழுந்துடுவீங்க. எங்கூடு வழியிலதான் கீது, தண்ணி குச்சிட்டு கொஞ்சம் குந்திட்டு போலாம்" என்று கஸ்தூரி திருமுல்லைவாயலில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

ஒரே வரிசையில் ஆறு வீடுகள், முன்னால் உண்மையாகவே முழுக்கச் சிமெண்ட். கஸ்தூரியின் வீடு மூன்றாவது. ரேவதி மின்விசிறியின் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். களையான முகம், கை நிறைய வளையல். எழுந்திருக்கப் பார்த்தவளை வேண்டாம் என்று தடுத்தேன். மூலையில் ஈரத்துணி சுற்றிய மண்பானை. கஸ்தூரி மொண்டு கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. குளிர்ச்சி தொண்டையோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவதைப் பாதி குடிக்கும்போதுதான் மூக்கு வேலை செய்தது. மழை பெய்து முடிந்ததும் என் நாற்றுப் பண்ணையில் எழும்புகிற வாசனை.

"தண்ணியில என்ன போட்டிருக்கீங்க கஸ்தூரி?"

"வெட்டிவேரு மா. ஒடம்புக்கு குளிர்ச்சி. புள்ளத்தாச்சிக்கு சூடு ஆவாதுன்னு அவளுக்கோசரம்தான் போட்டேன்."

"கடையில வாங்கினதா?"

"கடையில இன்னாத்துக்கு? நம்ம பின்னாடி புடுங்கனோமே, அதான். மூட்ட கட்டி போட்ருன்னாரு பிரபா சாரு. எம்மாம் வேரு, கம கமன்னு. குப்பைல போட எனக்கு மனசே வர்ல. நல்லா அலசி காய வெச்சி எட்த்தாந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரேவதி எட்டிப் பானையிலிருந்து தனக்கும் ஒரு டம்ளர் மொண்டாள். அவள் கையைப் பிடித்தேன். குடிக்காதே என்றேன்.

"அந்த மண்ணுல விஷம் இருக்குன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"இன்னா வெசம்?" என்றார் கஸ்தூரி.

சொன்னேன். பட்டறை, பேட்டரி, காரீயம், புல் எதற்காக நட்டது, அது எங்கே கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேரிலிருந்து தண்ணீரில் எவ்வளவு இறங்கும் என்பது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன், அதுதான் உண்மை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ரேவதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். வளையல் சத்தம் கேட்டது.

கஸ்தூரி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நானும் போனேன். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார், வேரை நான் பையில் போட்டுக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு கத்தை கொடுத்திருந்தாராம். அதையும் போய் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"நீங்களும் பிரபா சாரும் கையில உற மாட்டிகினு தோண்டனீங்கல்ல. பெரிய ஊட்டுக்காரங்க, கை அழுக்காவும்னு மாட்டிகினீங்கன்னு நெனச்சிகினேன்."

எலும்புத் தூள் மூட்டைகளைப் பிரபாகர் பிறகு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டேன். வேர்ப் பையோடு அடுத்த ரயிலில் தனியாகத் திரும்பினேன்.

பிரபாகரை அன்று மாலையே பிடித்தேன். அவன் கெட்டவன் இல்லை, சொன்னதும் வெளிறிப்போய்விட்டான். "வாட்ஸப் குரூப்ல எல்லாருக்கும் போட்டேன் அத்தை. பசங்களைப் பின்னாடி விடாதீங்கன்னு ரெண்டு தடவை போட்டேன்." அந்தக் குழுவில் கஸ்தூரி இல்லை. போட்டதும் ஆங்கிலத்தில். "அவங்ககிட்ட சொன்னா பயந்துகிட்டு வேலைக்கு வராம போயிடுவாங்கன்னு சங்கத்துல சொன்னாங்க. அப்புறம் வெளிய பரவுனா வீட்டு விலை..." என்று இழுத்தான்.

அவனை நன்றாகத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன் என் குறிப்பைக் கணினியில் திறக்கச் சொன்னேன். ஏழாம் பக்கத்தில் வேரை எப்படி அப்புறப்படுத்துவது என்று சட்டத்தில் இருக்கிற மாதிரி இரண்டு வரி எழுதியிருக்கிறேன். குடிக்கும் தண்ணீரில் போடாதீர்கள் என்று எங்கேயும் இல்லை. தமிழர்கள் வெட்டிவேரைப் பானையில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஈப்போவில் பானை ஏது, எல்லார் வீட்டிலும் குளிர்பெட்டிதான். எனக்கு வெட்டிவேர் என்றால் நெடுஞ்சாலைச் சரிவில் மண் சரியாமல் பிடிக்கிற புல். எழுதும்போது அந்த நினைப்பே வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. ஒன்பது பக்கமும் ஆங்கிலம். என் பண்ணையில் வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்களுக்கு அவர்கள் மொழியில் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். தமிழ்நாட்டுக்கு அனுப்பும் குறிப்பைத் தமிழில் எழுதத் தோன்றவில்லை. படிக்கப் போகிறவன் பிரபாகர் என்று நினைத்தேன், தோண்டப் போகிறவர் யார் என்று நினைக்கவில்லை. அதனால் அவனைத் திட்ட முடியவில்லை.

நாலாம் நாள் ரேவதியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம், அவள் வழக்கமாகக் காட்டுகிற இடம். நீளமான வரிசை, ஆனால் எட்டாம் மாதம் என்றதும் முன்னால் இருந்த பெண்கள் தாமாகவே வழிவிட்டார்கள். மருத்துவர் இளம்பெண், களைத்திருந்தார், முழுதாகக் கேட்டார். காரீயப் பரிசோதனை அங்கே இல்லை, வெளியே எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். "அம்மாவுக்கும் சேர்த்து எடுங்க. பானை வழியாத்தான் போச்சுன்னு சொல்ல முடியாது. தினம் அவங்க புடவையில ஒட்டிட்டு வர்ற மண்ணாவும் இருக்கலாம்" என்றார். கஸ்தூரி தன் புடவைத் தலைப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் ஊர் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பிரபாகர் கொரட்டூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான், பரோட்டா சால்னா வாங்கிக் கொடுத்தான். எங்கள் ரொட்டி சானாயைவிடப் பரோட்டா கனமாக இருந்தது, அதைத்தான் சொல்லத் தெரிகிறது. சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஊஞ்சல் இல்லை, மொட்டைப் பாதியில் புல் நட வேண்டும், வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் முகத்துணியும் வேண்டும், கையும் உடுப்பும் கழுவ அங்கேயே குழாய் வேண்டும், பின்பக்கத்தில் தமிழில் பலகை வேண்டும் என்றேன். பலகை என்றதும் சலசலப்பு. "வெளியாள் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றார் ஒருவர். உள்ளாள் ஒருவர் நாலு வருடமாக வெறும் கையால் அள்ளியிருக்கிறார் என்றேன். கடைசியில் பலகைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

குறிப்பு முழுவதையும் தமிழில் கையால் எழுதினேன். காவலாளியையும் கஸ்தூரியையும் உட்கார வைத்து, நானே வாசித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன். கஸ்தூரி தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நா பத்தாவது வரிக்கும் படிச்சிகீறேன் மா."

அவரே படித்தார், நிதானமாக, ஒரு வரி விடாமல். முடித்ததும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். வேலையை விட்டுப் போகவில்லை. மருத்துவமனைக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தவர், அது முடிந்ததும் வந்துவிட்டார். "பின்ன யாரு ஊத்துவா தண்ணி" என்றார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. ரேவதியின் ரத்தத்தில் காரீயம் இருக்கக்கூடிய அளவைவிட அதிகம். கஸ்தூரியின் ரத்தத்தில் அதைவிட அதிகம். மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதினார், பால் குடிக்கச் சொன்னார், ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். பிள்ளை பிறந்ததும் அதற்கும் பார்க்க வேண்டும், வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ஒன்றும் ஆகாமலும் போகலாம், இப்போது எதையும் சொல்ல முடியாது. ரேவதி, "கொழந்த நல்லா ஒதைக்குது டாக்டர்" என்றாள். நல்லது என்றார் மருத்துவர். அன்று அந்த அறையில் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான் இருந்தது.

பத்தாம் நாள் காலை, விமானத்துக்கு நேரம் இருந்தது. மொட்டைப் பாதியில் எலும்புத் தூளை நானும் கஸ்தூரியும் கலந்தோம். இரண்டு பேர் கையிலும் உறை, முகத்தில் துணி. பிரபாகர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீதிப் பாதியில் நிற்கும் புல்லின் தூரைப் பிரித்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு தூராகக் கஸ்தூரி நட்டுக்கொண்டே வந்தார். அவர் நட்டால் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. பாதி தூரம் வந்ததும் நிறுத்தி, கையில் இருந்த தூரைத் திருப்பி வேரைப் பார்த்தார்.

"இந்தப் புல்லு மண்ணுல கீற வெசத்த இஸ்துக்கும்னு எழுதிகீறீங்களே மா."

"ஆமா."

"நெசமா இஸ்துக்கும்ல?"

"கொஞ்சம் கொஞ்சமா. வருஷக்கணக்கா ஆகும்."

"ஆவட்டும் மா. ரேவதி வயித்துல கீற புள்ள இருக்கே, அத்து ஒடம்புல கீறத்த இஸ்துக்க எந்தச் செடி மா நடணும்? எம்மாம் வருசம் ஆனாலும் நா தண்ணி ஊத்துறேன்."

அப்படி ஒரு செடி கிடையாது என்று அவரிடம் சொன்னேன். கஸ்தூரி கையில் இருந்த தூரைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்.